கிழக்கே தலை வைத்தவர்

"அந்தக் குழியை நான் பார்க்கணும். நீங்க எலும்பை வெளியில எடுக்கறதுக்கு முன்னாடி."

ஷெரிஃப் லாயல் பிரிவிட் வாயிலிருந்த பல்குச்சியை எடுத்தார். என்னைப் பார்த்தார். பிறகு என் பின்னால் தொப்பியை மார்போடு அணைத்தபடி நின்ற என் உதவியாளன் மூனைப் பார்த்தார்.

"கானான் மேட்டுப் பொண்ணு ஒருத்தி என் ஆபீஸ்ல நின்னுக்கிட்டு 'பார்க்கணும்'ங்கறா. இது உங்க மூப்பருக்குத் தெரியுமா?"

தெரியும். காலையில் சோள ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே ஹோரேஸ் தாத்தா போட்ட கட்டளையே அதுதான். "பிரிவிட்கிட்ட எதை வேணா கேளு. அந்தக் குழியை மட்டும் கேட்காதே. கேட்டா மேட்டுல ஒரு கூரை மிஞ்சாது." அவர் என் அம்மாவின் தாய்மாமா. எங்கள் சபையின் மூத்த மூப்பர். அவர் கேட்காதே என்றால், கறுப்பர்கள் மட்டும் வாழும் எங்கள் கானான் மேட்டில் ஒருவரும் கேட்க மாட்டார்கள். நான் ஒருத்திதான் நகரத்துக்குப் போய்ப் பட்டம் வாங்கி, துப்பறியும் உரிமமும் வாங்கிக் கெட்டுப்போனவள்.

"தெரியும். வேண்டாம்னார்" என்றேன்.

"பெரியவர் வேண்டாம்னாரா?" ஷெரிஃப் அந்தக் கேள்வியை மிட்டாய் போல நாக்கில் உருட்டினார். அவர் தலைக்கு மேல் அவருடைய அப்பாவின் படம். எங்கள் பழைய ஊரை மூழ்கடித்து அந்த அப்பா உண்டாக்கிய ஏரிக்கும் அவர் பெயர்தான். "அப்ப கண்டிப்பாப் போய்ப் பாரு. நாளைக்கு மாநில ஆய்வுக்கூடத்து ஆளுங்க வந்து அள்ளிட்டுப் போயிடுவாங்க. இன்னிக்கே பாரு. நல்லாப் பாரு. அப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது."

"எங்க குடும்பத்துல உங்ககிட்ட அழுத கடைசி பெட்டிஃபோர்ட் செத்துப் போயாச்சு, ஷெரிஃப்."

"பட்டதாரி" என்றார் அவர், பல்குச்சியை மறுபடி வாயில் வைத்துக்கொண்டு. அந்த ஊரில் அது வசவு.

மறுப்பார் என்று எண்ணி நான் தீட்டி வைத்திருந்த கோபம் முழுதும் வீணாயிற்று. அதுவே என்னை உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை.

எங்கள் துப்பறியும் வாகனம் ஒரு பிணவண்டி. மூன் என் சித்தி மகன். மேட்டுக்காரர்களை அடக்கம் செய்யும் நிலையத்தில் ஓட்டுநர். வேலையில்லாத நாளில் என் உதவியாளன். வேலை இருக்கும் நாளில் பின்னால் ஒருவரைப் படுக்க வைத்துக்கொண்டும் உதவியாளன்தான்.

"காலேஜ்" என்றான் மூன், ஏரிக்கு இறங்கும் மண்சாலையில் வண்டியைத் திருப்பி. என்னை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டே வருடக்கணக்காகிறது. "இந்த வண்டியில உட்கார்ந்துக்கிட்டு வர்ற பயணி நீ ஒருத்திதான், தெரியுமா?"

"வாயை மூடிக்கிட்டு ஓட்டு."

"மத்தவங்க வாயை மூடிக்கிட்டுத்தான் வர்றாங்க. அவங்ககிட்ட எனக்கு ஒரு மனக்கசப்பும் இல்ல."

"நான் கோவமா இருக்கேன் மூன்."

"நீ தொட்டில்லயே கோவமாத்தான் இருந்தே. எனக்குத்தான் இன்னிக்குக் கோவப்பட உரிமை. காலையில மறுபடியும் எனக்கு மஞ்சத் தட்டு."

சிரித்துவிட்டேன். ஹோரேஸ் தாத்தா வீட்டு மேஜையில் ஓர் ஓரவஞ்சனை உண்டு. அவருடைய அம்மாவின் கல்யாணத் தட்டுகள், வெள்ளைப் பீங்கானில் நீலக் கரை போட்டவை, எப்போதும் ஒன்று குறையும். கடைசியாக வருபவனுக்குப் பெயர்ந்த மஞ்சள் தகரத் தட்டு. மூன் பிறந்ததிலிருந்தே கடைசியாக வருபவன்.

மண்சாலை முடிந்து ஏரி தெரிந்தது. ஏரி என்று சொல்வது மரியாதைக்கு. இந்த வருட வறட்சியில் நடுவில் ஒரு குட்டை மிச்சம். சுற்றிலும் வெடித்த சேறு. அந்தச் சேற்றில், தண்ணீருக்கடியில் என் ஆயுள் முழுதும் கிடந்த பழைய கானான் தலை காட்டிக்கொண்டிருந்தது: சபையின் கல் அஸ்திவாரம், ஒரு கிணற்றின் வாய், வரிசை வரிசையாகக் காலிக் குழிகள். அணை கட்டியபோது கல்லறைகளை எல்லாம் தோண்டி மேட்டுக்கு மாற்றினார்கள். மாற்றாமல் விட்டது ஒன்றைத்தான். அதைக் கெளுத்தி பிடிக்கப் போன ஒருவன் நேற்று மிதித்தான்.

முழுகிச் செத்த மீன்பிடிக்காரன் யாரோ என்றார் ஷெரிஃப். மேட்டில் எல்லாரும் அதைச் சட்டென்று ஒப்புக்கொண்டார்கள். மிஸ் ஒடெஸா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்குப் போன் போட்டது அவர்தான்.

மிஸ் ஒடெஸாவின் அப்பா அமோஸ் வெதர்ஸ்பி, பழைய கானானின் போதகர். நிலத்தைக் கொடுக்காதீர்கள், கையெழுத்துப் போடாதீர்கள் என்று ஒவ்வொரு ஞாயிறும் முழங்கியவர். ஒரு ஞாயிறு பிரசங்க மேடை காலியாக இருந்தது. எவளோடோ ஓடிவிட்டார் என்றார்கள். மேய்ப்பன் ஓடிய மந்தை கையெழுத்துப் போட்டது. பதிலுக்கு மேடு கிடைத்தது. போதகரின் மனைவி அவமானத்திலேயே செத்தாள். சின்னப் பெண் ஒடெஸா, ஓடுகாலி மகள் என்ற பெயரோடு கிழவியானாள். சபையில் அவர் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். வருடாந்திர விருந்துக்கு அவர் சுட்டுக் கொண்டுவரும் பீச் பழக் கேக் வெட்டாமலே திரும்பிப் போகும். மறு வருடமும் கொண்டுவருவார்.

இப்போது அவருக்கு நுரையீரல் போய்விட்டது. அம்மாவின் பக்கத்தில் ஆறடி இடம் கேட்டார். மூப்பர்கள் கூடிப் பேசி, ஓடுகாலி குடும்பத்துக்கு இனி இடமில்லை என்றார்கள். தீர்ப்பை எழுந்து நின்று சொன்னவர் ஹோரேஸ் தாத்தா.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தக் குழியில் கிடப்பது அவருடைய அப்பா என்று நிரூபிக்க வேண்டும், மிஸ் ஒடெஸாவின் மூச்சு நிற்பதற்குள்.

காவலுக்கு இருந்த உதவி ஷெரிஃப் தன் காருக்குள் தூங்கிக்கொண்டிருந்தான். மூன் குழி ஓரத்தில் குந்தினான். நான் நின்றேன். சேறு எலும்பைத் தேநீர் நிறத்துக்கு மாற்றியிருந்தது.

"இவன் முழுகினவன் இல்ல" என்றான் மூன்.

"எப்படிச் சொல்றே?"

"முழுகினவனைத் தூக்கிப் போட்டிருக்கேன் காலேஜ். கையும் காலும் நாலு திசைக்கு நிக்கும். இவரைப் பாரு. காலை நேரா நீட்டி, கையை மார்மேல மடிச்சு, சட்டைக்குக் கஞ்சி போட்டுட்டுக் காத்திருக்கற மாதிரி படுத்திருக்கார். யாரோ படுக்க வெச்சிருக்காங்க. மரியாதையா." எழுந்து முட்டியைத் தட்டினான். "ஆனா தொழில் தெரியாதவன். தலையும் காலும் மாத்திப் போட்டுட்டான். நான் இப்படிப் போட்டிருந்தா என் முதலாளி என்னையும் பக்கத்துலயே போட்டிருப்பார்."

எங்கள் பக்கத்துக் கல்லறைகளில் எல்லாருக்கும் மேற்கே தலை, கிழக்கே கால். கடைசி நாளில் எக்காளம் ஊதும்போது எழுந்து உட்கார்ந்தால் முகம் உதிக்கும் சூரியனைப் பார்க்க வேண்டும். இந்த மனிதர் நேர் எதிராகக் கிடந்தார். எழுந்தால் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காலிக் குழிகளின் வரிசையைப் பார்ப்பார்.

காலிக் குழிகளை நான் பார்த்தேன்.

"மாத்திப் போடல மூன். சரியாத்தான் போட்டிருக்காங்க. நம்ம கல்லறையில யாருக்குக் கிழக்கே தலை?"

அவன் வாயில் இருந்த அடுத்த நகைச்சுவை அப்படியே நின்றது. தொப்பியைக் கழற்றினான்.

"போதகருக்கு" என்றான். "எழுந்ததும் தன் ஜனங்க முகத்தைப் பார்க்கறதுக்கு."

காருக்குள் தூங்கியவன் விழித்துக்கொண்டு ஒலிப்பானை அழுத்தினான். "எதையும் தொடாதீங்க! பார்த்தாச்சில்ல, கிளம்புங்க!"

"என் ஷூ சேத்துல மாட்டிக்கிச்சு, ஆபீசர் ஐயா!" என்று கத்திக்கொண்டே மூன் குனிந்தான். நிமிர்ந்தபோது அவன் கோட்டுப் பை கனத்திருந்தது. விலா எலும்பின் மேல் கிடந்த ஒரு சேற்று ஓடு காணாமல் போயிருந்தது.

"என்னடா அது?"

"கிளிஞ்சலோ ஓடோ. நெஞ்சு மேல எதுக்கு வெச்சிருந்தாங்கன்னு தெரியல. சும்மா கையோட வந்துருச்சு."

நான் அதைக் காதில் வாங்கவில்லை. என் மண்டைக்குள் ஒரே பெயர்தான் ஓடிக்கொண்டிருந்தது: பிரிவிட். பிரிவிட். பிரிவிட்.

மேட்டுக்கு ஏறும் சாலையின் அடியில் மிஸ் ஒடெஸாவின் தனி வீடு. மூக்கில் குழாயோடு சாய்வு நாற்காலியில் இருந்தார். உட்காரச் சொல்லவில்லை. எப்படி இருந்தது, யார் என்ன சொன்னார்கள் என்று ஒன்றும் கேட்கவில்லை.

"தலை எந்தப் பக்கம்?" என்றார்.

"கிழக்கே."

கண்ணை மூடிக்கொண்டார். ஆக்சிஜன் இயந்திரம் மட்டும் புஸ் புஸ் என்று அவருக்காக மூச்சு விட்டது. அழுவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"ஓடலை, இல்லையா? என்னைவிட்டுட்டு அவர் எங்கேயும் போகல. கூப்பிடு தூரத்துலதான் கிடந்திருக்கார்."

"ஆமா மிஸ் ஒடெஸா."

"என் கேக்கை ஒரு வருஷம் யாரோ நாய்க்குப் போட்டாங்க, டெல்ஃபின். நாய் சாப்பிட்டுச்சு. இந்த மேட்டுல எங்க குடும்பக் கதை தெரியாத ஒரே ஜீவன் அதுதான்." கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். எலும்புதான்; ஆனால் பிடி இரும்பு. "கொன்னவன் பேரை இந்த ஞாயித்துக்கிழமை சபையில உரக்கச் சொல்லணும். எல்லார் முன்னாடியும். அவன் யாரா இருந்தாலும். சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

"யாரா இருந்தாலும்னு சொன்னேன்."

"கேட்டுச்சு மிஸ் ஒடெஸா. சத்தியம்."

வெளியே வந்தால் பிணவண்டியின் மூக்கில் சாய்ந்துகொண்டு ஷெரிஃப் பிரிவிட் நின்றிருந்தார். மூன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளே விறைத்திருந்தான்.

"பார்த்தாச்சா பட்டதாரி?"

"பார்த்தாச்சு. அவர் போதகர் வெதர்ஸ்பி. உங்கப்பா கொன்னு புதைச்சிருக்கார். நிலம் வேணும்னு."

ஒரு பிரிவிட்டை முகத்துக்கு நேரே குற்றம் சாட்ட நான் பழகிய நாட்கள் எத்தனையோ. கண்ணாடி முன்னால் நின்றுகூடச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவர் முகம் வெளிறும் என்று எண்ணியிருந்தேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தொடையைத் தட்டிக்கொண்டார்.

"எங்கப்பாவா! ஏம்மா, எங்கப்பா அந்த ஆளைக் கொன்னிருந்தா கெளுத்திக்குப் போட்டிருப்பார். தலை கிழக்கா மேற்கான்னு திசை பார்த்துக்கிட்டா நின்னிருப்பார்? உங்க போதகருக்கும் உங்க கழுதைக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷன் அவர்."



"சின்ன வயசுல நான் அவரைக் கேட்டேன், அந்தப் போதகர் எங்கேப்பா போனார்னு. சொன்னார்: 'நான் ஒரு விரலைக்கூட அசைக்கல மகனே. அவங்களே கூலி வாங்காம வேலையை முடிச்சுக் குடுத்துட்டாங்க. நான் தண்ணியை மட்டும்தான் திறந்துவிட்டேன்.'" தொப்பி விளிம்பைத் தொட்டு எனக்கு வணக்கம் வைத்தார். "உங்க மூப்பரை நான் விசாரிச்சதாச் சொல்லு. அழக் கூடாதுன்னு காலையிலயே சொன்னேனில்ல?"

அவர் கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று.

ஒரு வெள்ளைக்காரனுக்கு எங்கள் போதகரின் தலை எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்? குழி ஓரத்திலேயே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. என் கோபம் ஒரு பக்கம் மட்டும் பார்க்கப் பழகிய கோபம். கண்ணுக்கு முன்னால் கிடந்ததை அது பாதிதான் படித்தது.

வண்டிக்குள் ஏறினேன். மூன் வண்டியை எடுக்கவில்லை.

"எதாவது சொல்லித் தொலை" என்றேன்.

"என்கிட்ட ஒண்ணும் இல்ல காலேஜ்" என்றான். "தேடிப் பார்த்துட்டேன்."

ஹோரேஸ் தாத்தா வீட்டில் சாப்பாட்டு நேரம். மேஜையில் கோழி வறுவல், காராமணி, கீரை. நீலக் கரைத் தட்டுகள் வரிசையாக. அம்மா என் தட்டில் வழிய வழியப் பரிமாறினாள். மூனுக்கு மஞ்சள் தட்டு. அவன் உட்காரவில்லை, கை கழுவும் தொட்டிப் பக்கம் போனான்.

தாத்தா கண்ணை மூடிக்கொண்டு ஜெபத்தைத் தொடங்கினார். வயதில் உடம்பு சுருங்கிவிட்டது; குரல் சுருங்கவில்லை. "கர்த்தாவே, எங்களை மேட்டின் மேல் நிறுத்தினீரே, தண்ணீருக்குத் தப்புவித்தீரே..."

குழாயில் தண்ணீர் ஓடியது. அம்மா கண்ணைத் திறக்காமலே "டேய், ஜெபம்!" என்று சீறினாள். தண்ணீர் நின்றது.

"...ஆமென்."

மூன் வந்து தன் மஞ்சள் தட்டின் நடுவில் ஒன்றை வைத்தான். டக் என்றது. சேறு போய் வெளுத்த பீங்கான் துண்டு. விளிம்பில் நீலக் கரை. கரைக்கு உள்ளே, யாரோ ஆணியை வைத்துத் தட்டியது போல் ஒரு வட்ட ஓட்டை.

செத்தவர் கடைசியாகப் பயன்படுத்தியதை ஓட்டை போட்டுக் குழிக்குள் வைப்பது மேட்டில் இன்றைக்கும் உண்டு. முழுசாக விட்டால் அதைத் தேடிக்கொண்டு திரும்பி வருவார்கள். பெரும்பாலும் ஒரு கோப்பை. அல்லது கடைசியாகச் சாப்பிட்ட தட்டு.

மூன் என்னைப் பார்க்காமல் சொன்னான்: "என் தட்டு கிடைச்சிருச்சு, தாத்தா."

ஹோரேஸ் தாத்தா துண்டைப் பார்த்தார். பிறகு என்னை. "கேட்காதேன்னு சொன்னேன்" என்றார்.

"போதகர் கடைசியாச் சாப்பிட்டது இந்த வீட்டுல."

"இந்த மேஜையிலதான். அப்ப இது கீழே பழைய கானான்ல இருந்துச்சு, எங்கம்மா சமையல்கட்டுல. கோழியில நல்ல துண்டு அவருக்குத்தான் போட்டோம்."

"போட்டோம்னா?"

"மூப்பர்கள் எல்லாரும். நான்தான் சின்னவன். மத்தவங்க செத்துட்டாங்க." குரலில் நடுக்கம் இல்லை. கிணறு வெட்டிய கதையைச் சொல்வது போல் சொன்னார். "மேடு வேணும்னா போதகர் போகணும்னு பெரிய பிரிவிட் சொன்னான். எப்படிப் போகணும்னு சொல்லல. நாங்க கெஞ்சினோம். ஐயா, தண்ணி எப்படியும் வரப்போகுது, கையெழுத்துப் போட்டுட்டு மேல ஏறிடலாம்னு. அவர் கேக்கல. செங்கடலைப் பிளந்தவர் பார்த்துப்பார்னார். அவர் பேச்சைக் கேட்டிருந்தா உங்கம்மா பொறக்கறதுக்கு ஒரு வீடு இருந்திருக்காது."

"யார் அடிச்சது?"

"கேட்காதே."

"கேக்கறேன்."

தன் வலது கையை மேஜை மேல் வைத்தார், விரலை விரித்து. "சாப்பிட்டு முடிச்சுக் கை கழுவக் குனிஞ்சார்" என்றார். அவ்வளவுதான்.

"புதைச்சது?"

"அதையும் நான்தான். போதகரை நாய் மாதிரியா போடறது? திசை பார்த்துத்தான் போட்டேன். எங்கம்மா தட்டுல ஓட்டையைப் போட்டுக் கையில குடுத்தா. இதை நெஞ்சுமேல வை, இல்லேன்னா நம்ம வீட்டுக்குத்தான் திரும்பி வருவார்னா."

நான் அம்மாவின் பக்கம் திரும்பினேன். காராமணிக் கரண்டி கையிலேயே நின்றது.

"உனக்குத் தெரியுமா?"

"சாப்பிட்டுப் பேசலாம் டெல்."

"தெரியுமா?"

"கல்யாணம் ஆனதும் சொல்லிடுவாங்க" என்றாள் மெதுவாக. "மேட்டுல எல்லாப் பொம்பளைக்கும் தெரியும். உனக்குத்தான் இன்னும் ஆகல."

"தெரிஞ்சுமா அந்தக் கேக்கைத் தொடாம அனுப்புனீங்க? இத்தனை வருஷமா?"

"தெரிஞ்சதாலதான்!" அவள் கரண்டியைப் பாத்திரத்துக்குள் போட்டாள். "ஓடுகாலி மகள்ங்கறதுக்காகவா தொடாம இருந்தோம்? அவ கையால சுட்டதை யார் தொண்டையில இறக்குவா? ஒரு வருஷம் ஒரு வாய் வெச்சேன். வெளியில போய்த் துப்பிட்டேன்."

மூன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். நாய் சாப்பிட்டது என்று மிஸ் ஒடெஸா சிரித்தது என் காதில் திரும்பக் கேட்டது.

"சரி, இப்ப தெரிஞ்சுக்கிட்டே" என்றார் தாத்தா, கீரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு. "நாளைக்கு வர்றவங்க எலும்பை எடுத்துட்டுப் போவாங்க. ஆள் யாருன்னு அவங்களுக்குத் தெரியாது. நீ சொன்னாத்தான் தெரியும். நீ சொன்னா முதல்ல சிரிக்கறவன் பிரிவிட்."

"அவர் சிரிச்சு முடிச்சாச்சு. உங்களை விசாரிச்சார்."

முதல் முறையாக அவர் கை நின்றது.

"அவனுக்குத் தெரியுமா?"

"சின்னப் பிள்ளையிலிருந்தே. உங்களைப் பார்க்கும்போதெல்லாம் தொப்பியைத் தொடுவாரே, மரியாதைன்னு நினைச்சீங்களா?"

அவர் முகம் அப்போதுதான் கிழமாயிற்று. கொலையை ஒப்புக்கொண்டபோது ஆகாத கிழம், வெள்ளைக்காரன் தன்னைப் பார்த்து இத்தனை நாள் சிரித்தான் என்று தெரிந்ததும் ஆயிற்று. எனக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று காத்துக்கூடப் பார்த்தேன்.

"ஒடெஸா பேரு பெருசா, இத்தனை குடும்பம் பெருசா?" என்றார். "நீயே சொல்லு. நீ படிச்சவளாச்சே. இந்த மேடு இல்லேன்னா நீ எந்தக் காலேஜுக்குப் போயிருப்பே?"

"மிஸ் ஒடெஸாவுக்கு அம்மா பக்கத்துல இடம் இல்லைன்னு எழுந்து நின்னு சொன்னீங்களே தாத்தா. அப்ப நாக்கு எப்படிப் புரண்டுச்சு?"

"இடம் குடுத்தா அவங்கப்பா எங்கேன்னு யாராவது கேப்பாங்க." மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "நீ சபையில வாயைத் திறந்தா, நான் செத்தா என்னை எங்கே போடுவாங்க? யோசிச்சியா? நான் கட்டின கல்லறைத் தோட்டம் அது."

"உங்க இடம் உங்களுக்குத்தான். அதை யாரும் பறிக்க வேண்டாம்னு நானே சொல்றேன். போதகரை மேல கொண்டு வந்து, கிழக்கே தலை வெச்சு, மனைவி மகள் பக்கத்துல படுக்க வைப்போம். நீங்க எல்லாரையும் போல மேற்கே தலை வெச்சுப் படுங்க. எக்காளம் ஊதி நீங்க கண்ணைத் திறந்தா, நேர் எதிரே உட்கார்ந்து உங்களையே பார்த்துக்கிட்டிருப்பார்."

அவர் தன் பக்கம் இழுத்த கீரையைத் தள்ளிவிட்டார்.

நான் என் நீலக் கரைத் தட்டை எடுத்துக் கவிழ்த்தேன். கோழியும் காராமணியும் மேஜை விரிப்பில் கொட்டின. மூனின் மஞ்சள் தட்டிலிருந்து அந்தத் துண்டை எடுத்து என் தட்டின் மேல் வைத்தேன். கரையோடு கரை பொருந்தியது.

"அந்தத் தட்டை வெச்சிட்டுப் போ!" அம்மா எழுந்துவிட்டாள். "டெல்ஃபின்! அது கல்யாணத் தட்டு! செட்டு குறைஞ்சிடும்!"

மூன் எனக்கு முன்னால் போய்க் கதவைத் திறந்து பிடித்தான். "வண்டி கீழ் வீட்டுக்குத்தானே?" என்றான். காலேஜ் என்று சேர்க்கவில்லை.

"கீழ் வீட்டுக்குத்தான். மிஸ் ஒடெஸாவைப் பின்னால படுக்க வைக்காத. முன்னால உட்கார வெச்சுச் சபைக்குக் கூட்டிட்டு வா, ஞாயித்துக்கிழமை."

பின்னால் அம்மா இன்னும் தட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தட்டையும் துண்டையும் சேர்த்துப் பிடித்தபடி நான் படி இறங்கினேன்.